அத்தைக்குத் தினம் பதினோரு மாத்திரை: பெட்டியா, கெமிஸ்ட் பேக்கா, ஆளா, மெஷினா?

போன மாதம் தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பனில் உள்ள கிளேர்வுட் முருகன் கோவிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மெரிபேங்கிலிருந்து வரும் அக்கா ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது, எட்டு வகை மாத்திரை, முந்தின வாரம் பி.பி. மாத்திரையை ஒரே காலையில் இரண்டு தடவை போட்டுக்கொண்டு பாத்ரூம் வாசலில் தலை சுற்றி விழுந்திருக்கிறார். "பெட்டி வாங்கட்டுமா, ஆள் வைக்கட்டுமா, கெமிஸ்ட்டே பிரித்துக் கட்டிக் கொடுக்கிறானாமே அதை எடுக்கட்டுமா, ஒன்று சொல்லு" என்றார். அதற்குச் சில நாள் முன்னால்தான் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் ஒரு அண்ணன் இதே கேள்வியைப் போனில் கேட்டார். நான் டாக்டரும் இல்லை நர்ஸும் இல்லை, சாட்ஸ்வொர்த்தில் மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் மருமகள், அவ்வளவுதான். ஆனால் நான்கு வருடத்தில் இந்த எல்லாவற்றையும் ஒரு சுற்று செய்து பார்த்தாகிவிட்டது, ஒவ்வொன்றிலும் ஒரு தடவையாவது அடியும் பட்டாகிவிட்டது.

## எங்கள் வீட்டில் பெட்டி இருந்தும் நடந்தது

அத்தை நாகர்கோவிலிலிருந்து வரும்போது மூன்று மாத மருந்தைக் கைப்பையில் கொண்டுவந்தார். இங்கே டாக்டர் பார்த்துப் புதிதாக எழுதிக் கொடுத்தார், நாங்களும் பெருமையாக ஒரு வாரப் பெட்டி வாங்கி ஞாயிற்றுக்கிழமைதோறும் அடைத்து வைத்தோம். அத்தை பெட்டியில் இருப்பதையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார், ஊர் டாக்டர் கொடுத்ததை விடக்கூடாது என்று பையில் இருந்ததையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். ஊரில் சர்க்கரைக்குக் கிளிமெபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை, இங்கே கிளிக்லசைடு (அதுவும் கிளிமெபிரைடு வகைதான்) தனி, மெட்ஃபார்மின் தனி. பெயரும் நிறமும் அட்டையும் வேறு, அதனால் மருந்தும் வேறு என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு?

புரட்டாசி சனிக்கிழமை. மத்தியானம் பூஜை முடியும்வரை வாயில் ஒன்றும் படவில்லை. ஒரு மணிக்கு நாற்காலியில் சாய்ந்து, "மக்ளே, கண்ணு இருட்டுது" என்றார். ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. சர்க்கரை பார்க்கும் மெஷினில் 3.1. அவர் பையன் பதற்றத்தில் ஊர் டாக்டருக்கு வாட்ஸாப்பில் "3.1" என்று மட்டும் அனுப்ப, அவர் "இது என்ன, பொட்டாசியமா?" என்று கேட்கிறார். இங்கே சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள், ஊரில் மில்லிகிராம். இங்கே வரும் எண்ணைப் 18-ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு, அதாவது 3.1 என்பது சுமார் 56. இங்கே 4-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு வகையெல்லாம் ஒரு தடவை ஏற்றிவிட்டாலும் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் சர்க்கரையை இறக்கும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக்கூடாது.

பெட்டியை நாங்கள் சரியாகத்தான் அடைத்திருந்தோம். ஓட்டை இருந்தது பட்டியலில். இதை அன்றைக்குப் புரிந்துகொண்டதுதான் இந்த நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய விஷயம். மருந்துத் தப்பு நான்கு இடத்தில் நடக்கும்: என்னென்ன சாப்பிட வேண்டும் என்ற பட்டியலில், அதைப் பிரித்து அடைப்பதில், நேரத்துக்குக் கொடுப்பதில், கடைசியில் விழுங்குவதில். கடையில் விற்கும் எந்தச் சாமானும் இதில் ஒன்றையோ இரண்டையோதான் காக்கும். உங்கள் வீட்டில் எந்த இடத்தில் ஓட்டை என்று தெரியாமல் வாங்கினால் காசு போகும், ஓட்டை அப்படியே இருக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

இந்த நான்கில் எந்தத் தப்பைப் பிடிக்கிறது என்பது முதல் அளவுகோல். இரண்டாவது, மாதத்தின் நடுவில் டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தினால் அல்லது பாதியாக்கினால் என்ன ஆகும். மூன்றாவது, பெட்டிக்குள் போகாத சாமான்கள்: இன்சுலின், சிரப், இன்ஹேலர், வாரத்துக்கு ஒரே தடவை போடும் மாத்திரை, "வலித்தால் மட்டும்" என்று எழுதியவை. நான்காவது, இரவும் ஞாயிற்றுக்கிழமையும் யார் பொறுப்பு. ஐந்தாவது ராண்ட் கணக்கு, மறைந்திருக்கும் செலவையும் சேர்த்து. கடைசியாக ஒன்று, பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை: சாப்பிடப் போகிறவருக்கு அதில் சம்மதம் உண்டா?

## எதை எடுத்தாலும் முன்னால் செய்ய வேண்டியது

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் பாயில் கொட்டுங்கள். கைப்பை, ஃபிரிட்ஜ் கதவு, சாமி அலமாரி, தலையணைக்கு அடியில், எல்லா இடத்திலும் தேடி. பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அப்போது தெரியும் கூத்து. ஊரிலிருந்து வந்த தைரோநார்மும் இங்கே கொடுக்கும் எல்ட்ராக்சினும் ஒரே லெவோதைராக்சின். கிளைகோமெட்டும் குளுக்கோஃபேஜும் ஒரே மெட்ஃபார்மின். ஈகோஸ்பிரினும் எகோட்ரினும் ஆஸ்பிரின். ஊர் டோலோவும் இங்கத்திய பனாடோவும் பாராசிட்டமால். நம் வீடுகளில் யாராவது ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு பை மருந்து வந்து இறங்குவதால் இந்த இரட்டிப்பு மற்றவர்களைவிட நமக்கு அதிகம்.

ஊர்ப் பை இல்லாத வீட்டிலும் இது நடக்கும். எதிர் வீட்டு ஆயா நான்கு தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். அவருக்கு அரசு கிளினிக் மருந்து, பக்கத்துப் பிக்கப் பாயிண்டில் பார்சலாக வருகிறது (2014-இல் தொடங்கிய சி.சி.எம்.டி.டி. என்ற அரசுத் திட்டம், நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு வரிசையில் நிற்கும் பாடு மிச்சம், நல்ல திட்டம்தான்). ஆனால் டெண்டர் மாறினால் கம்பெனி மாறும், கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். தனியார் கெமிஸ்ட்டிலும் மலிவான ஜெனரிக் இருந்தால் அதைச் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால் அங்கேயும் மாறும். வெள்ளை வட்ட மாத்திரை ஒரு மாதம் ரோஸ் நிறத்தில் வந்ததும், "இது புதுசு போல" என்று மிச்சமிருந்த வெள்ளையையும் சேர்த்து ஆயா பத்து நாள் போட்டிருக்கிறார்.

சீட்டில் வராத மருந்தையும் பட்டியலில் எழுதுங்கள். தலைவலிக்கு டீயில் கலக்கிக் குடிக்கும் கிராண்ட்-பா பவுடர் இங்கே பல பெரியவர்களுக்கு மருந்துக் கணக்கிலேயே கிடையாது. அதில் இருப்பது ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபீன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் அதைக் குடித்தால் ரத்தப்போக்கு ஆபத்து. சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் பழைய வகை மாத்திரைகள், குளோர்ஃபெனிரமைன் மாதிரியானவை, வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி என்று தினமும் எடுப்பவர்களும் அதைச் சொல்லிவிடுவது நல்லது, சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து இறக்கிவிடும்.

அந்தத் தாளைக் கெமிஸ்ட்டிடமும் டாக்டரிடமும் காட்டி, "இதில் எதையாவது குறைக்க முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வயதானவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகள் என்று பியர்ஸ் பட்டியல் ஒன்று 1991-லிருந்தே இருக்கிறது, டாக்டர்களுக்குத் தெரியும், நாம் கேட்டால் எடுத்துப் பார்ப்பார்கள். அத்தைக்குப் பதினான்கு மாத்திரை பதினொன்று ஆனது இப்படி ஒரு கேள்வியில்தான். எந்தப் பெட்டியும் செய்யாத வேலை அது.

## 1. வீட்டிலேயே அடைக்கும் வாரப் பெட்டி

ஏழு நாளுக்கு நான்கு வேளை, இருபத்தெட்டு அறை. எல்லாவற்றிலும் மலிவு, எந்தக் கெமிஸ்ட்டிலும் கிடைக்கும். "போட்டேனா இல்லையா" என்ற மறதிக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, அறை காலியாக இருந்தால் போட்டாச்சு. டாக்டர் டோஸ் மாற்றினால் ஐந்து நிமிடத்தில் நீங்களே எடுத்து மாற்றலாம், இந்த ஒரு விஷயத்தில் இதை எதுவும் அடிக்க முடியாது.

பலவீனம் அடைக்கிற ஆள். நான் ஒரு தடவை அடைத்துக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் வந்து எழுந்துபோய், திரும்பி வந்து வியாழக்கிழமையிலிருந்து தொடர்ந்தேன், புதன்கிழமை வெறுமையாகிவிட்டது. இன்னொரு தடவை ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வந்த நாத்தனார் அன்பு மிகுதியில் நான் அடைத்த பெட்டியிலேயே இன்னொரு சுற்று அடைத்துவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அடைப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், ஒவ்வொரு அறையிலும் எத்தனை மாத்திரை என்ற எண்ணிக்கையைப் பெட்டி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறோம். காலை 2, டிஃபனுக்கு 4, மத்தியானம் 2, இரவு 3. எண்ணினால் போதும், பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து உரிக்கக்கூடாது. டர்பனில் பிப்ரவரி மாதத்து ஈரக்காற்று எப்படி என்று சொல்லவேண்டியதில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோயேட் காற்றுப் பட்டால் ஈரத்தை இழுத்து நொசநொசத்துப்போகும், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான் காப்ஸ்யூலையும் அதன் டப்பாவிலேயே வைக்கச் சொல்கிறார்கள். கால்சியத்தைத் தைராய்டு மாத்திரையோடு ஒரே அறையில் போடக்கூடாது, நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடினால், இந்தப் பெட்டியைத் திறக்க இரண்டு வயதுக் குழந்தைக்கு அரை நிமிடம் போதும்.

இன்னொரு ஆபத்து பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. பெரியவர் வருடக்கணக்காக மாத்திரையைப் பாதி நாள் விட்டுவிட்டுப் போட்டிருப்பார், பி.பி. இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போயிருப்பார். நீங்கள் பெட்டி வாங்கி ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே முழு டோஸும் உள்ளே போகும், பி.பி.யும் சர்க்கரையும் சரிந்து ஆள் விழுவார். பெட்டியோ, பேக்கோ, ஆளோ, எதை ஆரம்பித்தாலும் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், முதல் இரண்டு வாரம் தினமும் அளந்து எழுதி வையுங்கள்.

## 2. கெமிஸ்ட் அடைத்துத் தரும் பேக்

சில தனியார் கெமிஸ்ட்டுகள் ஒரு மாத மருந்தை வேளைவாரியாகப் பிரித்து, தேதியும் நேரமும் அச்சடித்து, மூடிய பாக்கெட்டாகவோ பிளிஸ்டர் அட்டையாகவோ தருகிறார்கள். எல்லாக் கடையிலும் இல்லை, விசாரிக்க வேண்டும். அடைப்பதில் வரும் தப்பு இங்கே மிகவும் குறையும், ஏனென்றால் செய்பவர்களுக்கு அதுதான் வேலை, நடுவில் குக்கர் விசில் வராது. ஒரே கடையில் எல்லாம் வாங்குவதால் இரண்டு டாக்டர்கள் எழுதியது ஒன்றோடொன்று மோதினால் கெமிஸ்ட் கண்ணில் படவும் வாய்ப்பு உண்டு. மகன் கேப்டவுனில், மகள் லண்டனில், அம்மா தனியாக, எழுத்துப் படிக்கத் தெரியும், புத்தி தெளிவு என்றால் இதைவிட நல்லது இல்லை.

எங்களுக்கு இது மூன்று மாதம்தான் தாக்குப்பிடித்தது. அத்தைக்குக் காலில் வீக்கம் ஏறி இறங்க, டாக்டர் நீர் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தார். பாக்கெட்டில் ஐந்து மாத்திரை கிடக்கிறது, அதில் எது ஃபுரோசமைடு என்ற அந்த நீர் மாத்திரை என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? பாக்கெட்டில் மாத்திரையின் நிறமும் குறியும் அச்சடித்துத் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், தரமாட்டோம் என்றால் வேறு கடை பாருங்கள். நடுவில் மாறினால் மிச்சப் பேக்கைத் திரும்ப எடுத்துப் பிரித்துத் தருவார்களா, அதற்குத் தனிக் காசா, இதையும் கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு மெடிக்கல் எய்டில் (மாதாமாதம் பணம் கட்டும் மருத்துவக் காப்பீடு மாதிரி) இருக்கிறது. சர்க்கரை, பி.பி., தைராய்டு, இதயப் பலவீனம் எல்லாம் எய்டுகள் கட்டாயம் கவனிக்கவேண்டிய நீண்டகால நோய்ப் பட்டியலில் வருபவை. ஆனால் எய்டு குறித்துக் கொடுத்த கெமிஸ்ட் ஒன்று, பேக் செய்து தரும் கெமிஸ்ட் வேறொன்று என்றால் மாதாமாதம் கையிலிருந்து ஒரு பங்கு கட்ட நேரிடும். பேக்கிங் கூலியை எய்டு கொடுக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அப்புறம் இன்சுலின், சிரப், ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டோஸ் மாறும் வார்ஃபரின் இவற்றுக்கெல்லாம் இந்த ஏற்பாட்டில் இடம் கிடையாது, ஆக உங்கள் அலமாரியில் இரண்டாவது முறை ஒன்று ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

## 3. ஆள் வைப்பது

கொடுப்பதிலும் விழுங்குவதிலும் ஓட்டை என்றால் மனிதக் கண்ணுக்கு மாற்று இல்லை. மறதி நோய் ஆரம்பித்துவிட்டவர்கள், கை நடுங்குகிறவர்கள், விழுங்கச் சிரமப்படுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் ஆள்தான்.

கணக்கைப் பாருங்கள். 2025 மார்ச்சில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. எட்டு மணி நேரம், மாதம் இருபத்திரண்டு நாள் என்றால் 5,067 ராண்ட். 2025 ஏப்ரலில் அரசு முதியோர் உதவித்தொகை 2,315 ராண்ட், அதாவது உதவித்தொகையின் இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது, இதுவே அடிமட்டக் கூலி, பயிற்சி பெற்ற கேரர் (வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்) இதற்கு வரமாட்டார். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் யு.ஐ.எஃப். (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) பதிவு, அதற்கு நீங்கள் ஒரு சதவீதம், அவர் ஒரு சதவீதம். வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கிடைக்கும் சட்டத்திலும் வீட்டு வேலையாட்கள் சேர்க்கப்பட்டுவிட்டார்கள், 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு. ஞாயிற்றுக்கிழமைக்குக் கூலி கூட. ஏஜென்சி வழியாக எடுத்தால் அவர்கள் பங்கு தனி, ஆனால் ஒருவர் லீவு போட்டால் இன்னொருவரை அனுப்புவார்கள். நேரடியாக வைத்தால் அவர் வராத அன்றைக்கு நீங்கள் லீவு போடவேண்டும், அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கேரர் வேறு, நர்ஸ் வேறு. பெட்டியில் இருப்பதை எடுத்துக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்ப்பது கேரர் செய்யக்கூடியது. பெட்டியை அடைப்பது, இன்சுலின் அளவைத் தீர்மானிப்பது, இதையெல்லாம் பயிற்சி இல்லாதவர் தலையில் கட்டாதீர்கள். "நான் நர்ஸ்" என்று சொல்லி வருபவரின் பதிவை நர்ஸிங் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம், கூச்சப்படவேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு வரும் பெண் ஜூலு பேசுபவர். அத்தைக்கு ஜூலுவும் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. "மக்ளே, தண்ணி கொண்டா" என்பார் இவர், "யெபோ கோகோ" (சரி பாட்டி) என்பார் அவர், தண்ணீர் வந்துவிடும், எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாத்திரை விஷயத்தில் அப்படி விடமுடியாதே என்று ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டோம். சூரியன் படம், காலை, எகுசேனி. நடுப்பகல், எமினி. நிலா, இரவு, எபுசுகு. ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை மாத்திரை என்ற எண், பக்கத்தில் கேரர் கையெழுத்துப் போட ஒரு கட்டம். கொடுத்த பிறகுதான் கையெழுத்து, முன்னால் போட்டு வைக்கக்கூடாது. அத்தை "சாப்பிட மாட்டேன்" என்றால் கட்டத்தில் ஒரு வட்டம். வற்புறுத்தக்கூடாது, சோற்றில் மறைத்தும் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம். மாத்திரையை இடிக்கவும் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மெட்ஃபார்மினையோ நிஃபெடிபினையோ இடித்தால் நாள் முழுக்க இறங்கவேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் வேறு வடிவம் இருக்கிறதா என்று கெமிஸ்ட்டைக் கேட்பதுதான் வழி.

ஆள் வைத்தும் தப்பு நடக்குமா என்றால், நடந்தது. காலை மாத்திரையை நான் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போக, கையெழுத்துப் போட மறந்துவிட்டேன், அவர் வந்து மறுபடி கொடுக்கப் போனார், அத்தைதான் கையை நீட்டித் தடுத்தார். இரண்டு பேர் கொடுக்கும் வீட்டில் அந்தக் காகிதக் கட்டம் இல்லையென்றால் ஒரு ஆளைவிட இரண்டு ஆள் ஆபத்து.

## 4. அலாரம், ஆப், பூட்டிய மெஷின்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன் அலாரம் இலவசம், காது மந்தமானவருக்குப் பிரயோஜனமில்லை, நன்றாகக் கேட்பவரும் அணைத்துவிட்டு "அப்புறம்" என்பார். நேரத்துக்கு மட்டும் திறக்கும் பூட்டுப்போட்ட வட்டப்பெட்டி நல்ல சாமான், குறிப்பாக ஒரே வேளையை இரண்டு மூன்று தடவை போட்டுக்கொள்பவர்களுக்கு. ஆனால் விலை அதிகம், அதையும் யாராவது அடைத்துத்தான் ஆகவேண்டும், பழுதானால் ரிப்பேருக்கு ஆள் தேடவேண்டும், கரண்ட் போனால் பேட்டரி தாங்குமா என்று பார்த்து வாங்கவேண்டும். மாத்திரை வெளியே வந்ததா என்று மெஷினுக்குத் தெரியும், வாய்க்குள் போனதா என்று தெரியாது. எதிர் வீட்டு ஆயாவுக்குப் பேத்தி தினம் இரவு ஏழரைக்கு வீடியோ கால் போட்டு, "ஆயா, நாக்கைக் காட்டு" என்பாள். மெஷினைவிட அது மேல் என்று நினைக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | நன்றாகப் பிடிப்பது | விட்டுவிடுவது | நடுவில் டோஸ் மாறினால் | தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| வாரப் பெட்டி | மறதி | அடைப்பவரின் தப்பு, ஒளித்து வைத்தல் | உடனே மாற்றலாம் | வாரம் ஒரு மணி நேரம், இரண்டு பேர் |
| கெமிஸ்ட் பேக் | அடைப்பதில் தப்பு | விழுங்காமை, இன்சுலின், சிரப் | சிக்கல், பேக் வீணாகலாம் | எய்டு தராத பங்கு, பேக்கிங் கூலி |
| ஆள் | நேரம், விழுங்குதல் | இரவு, ஞாயிறு, தப்பான பட்டியல் | சொன்னால் போதும், எழுதியும் வைக்கவேண்டும் | யு.ஐ.எஃப்., லீவு நாள், உங்கள் லீவு |
| அலாரம், மெஷின் | இரண்டாம் தடவை போடுவது | விழுங்காமை | திறந்து மாற்றவேண்டும் | பேட்டரி, ரிப்பேர் |

எந்த வழியிலும் அடங்காதவை இரண்டு. வாரம் ஒரு தடவை போடும் மாத்திரைகள், முக்கியமாக மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட், தினமும் போட்டால் உயிருக்கே உலை, அதைத் தனி டப்பாவில் "திங்கள் மட்டும்" என்று சிவப்பில் எழுதி வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று இன்சுலின். திறக்காத பேனா ஃபிரிட்ஜில் 2-லிருந்து 8 டிகிரிக்குள். திறந்ததைப் பெரும்பாலான வகைகளுக்குச் சுமார் நான்கு வாரம் வெளியே வைக்கலாம் என்றாலும் வகைக்கு வகை மாறும், கூட வரும் தாளைப் படித்துவிடுங்கள். லோட்ஷெடிங் (முறை வைத்துக் கரண்ட்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்த 2023-இல் நாங்கள் ஐஸ் டப்பாவில் வைத்துக் காத்தோம். ஐஸ்மேல் நேராக வைக்கக்கூடாது, உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

## யாருக்கு எது

புத்தி தெளிவு, பார்வையும் கையும் சரி, மருந்து அடிக்கடி மாறுகிறது, வீட்டில் ஒருவர் இருக்கிறார்: வாரப் பெட்டி. யோசிக்கவே வேண்டாம்.

புத்தி தெளிவு, தனியாக இருக்கிறார், பல மாதமாக ஒரே மருந்து ஓடுகிறது: கெமிஸ்ட் பேக், கூடவே தினம் ஒரு போன்.

போட்டதை மறந்து மறுபடி போடுகிறார்: திறந்த பெட்டி அவர் கைக்கு எட்டவே கூடாது. பூட்டிய மெஷின் அல்லது ஆள். மருந்து டப்பாக்களும் பூட்டில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பெட்டியைப் பூட்டி என்ன பிரயோஜனம்.

விழுங்க மறுக்கிறார்: எதையும் வாங்கும் முன் ஏன் என்று கேளுங்கள். அத்தையின் முந்தானை முடிச்சில் ஒரு நாள் நான்கு நீர் மாத்திரை கிடைத்தது. நான்கும் வெள்ளிக்கிழமை மாத்திரை. கோவிலுக்குக் காரில் போய், பூஜை முடிந்து, சாப்பிட்டுத் திரும்ப மூன்று மணி நேரம், அந்த மாத்திரை போட்டால் நடுவில் நான்கு தடவை பாத்ரூம் போகவேண்டும், அங்கே படி வேறு ஏறவேண்டும், அதை எங்களிடம் சொல்ல வெட்கம். டாக்டரிடம் சொன்னோம், "வெள்ளிக்கிழமை மட்டும் திரும்பி வந்து மத்தியானம் போடட்டும்" என்றார். முடிந்தது. இதற்காக ஆள் வைத்திருந்தால் முடிச்சு இன்னும் உள்ளே போயிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு கலப்படம். பெட்டியை நான் அடைக்கிறேன், என் கணவர் எண்ணிப் பார்க்கிறார், வாரநாளில் மத்தியான வேளையைக் கேரர் கொடுக்கிறார், இரவு இன்சுலின் என் கையால். பட்டியல் தாள் ஃபிரிட்ஜ் கதவில், அதன் படம் நாத்தனார் போன் உட்பட எல்லார் போனிலும். அதே தாளின் அடியில் ஆம்புலன்ஸ் 10177, விஷ முறிவு உதவி எண் 0861 555 777. அதிகமாகப் போட்டுவிட்டார் என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் கூப்பிடவேண்டும், கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு.

மெரிபேங்க் அக்காவிடம் பெட்டி வேண்டாம் என்றுதான் சொன்னேன், அவர் அம்மா மறந்து மறந்து போடுகிற ரகம். முதலில் பாயில் கொட்டிப் பாருங்கள் என்றேன். நேற்று போன் செய்தார்: கொட்டியதில் இரண்டு கம்பெனி அம்லோடிபின், அதாவது ஒரே பி.பி. மாத்திரை, இரண்டுமே நடப்பில், ஒன்று அரசு கிளினிக்கிலிருந்து, இன்னொன்று தனியார் டாக்டர் எழுதியது. அம்மா விழுந்த அன்றைக்கு இரண்டு தடவை போட்டார் என்று நினைத்தது தப்பு, அவர் எழுதியிருந்தபடியேதான் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார்கள். ஆள் வைப்பதா என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.